ஞாயித்துக்கிழமப் பெரட்டு

கயிறுன்னு எழுதிக்கிங்க ஐயா. இந்த மண்ணுசரிவுப் பாரத்துல இல்லாத சாமான்னு ஒரு பக்கம் இருக்குதுன்னீங்கல்ல, அதுல மொதல்ல கயிறு. கயிறே கெடையாதுன்னு சொல்லல்ல. இஸ்டோருக்குள்ள ரெண்டு வடம் இருக்குது, தேயிலப் பெட்டி எறக்குறது, நல்ல வடந்தான். ஆனா சாவி கிளாக்கர் ஐயா கிட்ட. கிளாக்கர் ஐயா ஞாயித்துக்கிழமையானா மாத்தளைக்குப் படம் பார்க்கப் போயிருவாரு, சாவியும் அவரோட சேர்ந்து படம் பார்க்கும். அப்ப அந்தக் கயிற நீங்க இருக்குன்னு எழுதுவீங்களா, இல்லேன்னு எழுதுவீங்களா? அதுக்குக் கட்டமே இல்லியா? இருக்கு, இல்ல, அவ்வளவுதானா? செரி, அப்ப இல்லேன்னே போடுங்க.

இல்லீங்க, நான் நின்னுக்கிறேன். ஆபீஸ் இஸ்தோப்புத் திண்ணையில நாங்க உக்கார்றதில்ல. ஐயா சொல்லிட்டீங்க, ஆனா ஐயா சாயங்காலம் பஸ்ஸேறி உங்க கவருமெண்டு கச்சேரிக்குப் போயிருவீங்க, நான் இங்கதான இருக்கணும். இந்தா, இந்தப் படியில உக்காந்துக்கிறேன். மழை தெறிச்சா தெறிச்சிட்டுப் போகுது. கிளாக்கர் ஐயா பங்களாவுல தொரகிட்ட சீல் வாங்கிட்டு வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். நடந்து ஏறணுமே.

ஆமாங்க, இராமசாமிதான். தோட்டத்துல தப்புக்கார இராமசாமின்னா தெரியும். காலையில அஞ்சர மணிக்கு நாந்தான் பெரட்டுத் தப்பு அடிக்கிறது. ஐயா பலாபத்வல பக்கம்னீங்க, அங்க இதெல்லாம் இருக்காது. பெரட்டுன்னா ஒண்ணுமில்லீங்க, ஆளுங்க எல்லாம் களத்துல வந்து வரிசையா நிப்பாங்க, கணக்கப்புள்ள பேர் கூப்பிட்டு, நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்குன்னு பிரிச்சு அனுப்புவாரு. தப்பு சத்தம் கேட்டு அதுக்குள்ள வரல்லேன்னா அன்னிக்குப் பேரு கெடையாது. பேரு இல்லேன்னா அன்னைக்கு வேலையும் இல்ல, ஒண்ணுமில்ல. அதனால எந்தத் தூக்கத்துல இருந்தாலும் கால் தானா எந்திரிச்சுக்கும். காய்ச்சல்ல கெடக்குறவங்க கூட அந்தச் சத்தத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு உக்காந்துட்டுத்தான் திரும்பப் படுப்பாங்க.

தெரியுமுங்க, அந்தக் கடைசிப் பக்கத்துக்கு என் கையெழுத்து வேணும். வந்ததும் சொன்னீங்க. போடமாட்டேன்னு நான் சொல்லல்ல. கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றேன். எச்சரிக்கை குடுக்கிறவர் இராமசாமின்னு கிளாக்கர் ஐயா ஏற்கனவே எழுதிட்டாரு, அடியில நான் ஒரு பேரு எழுதினா முடிஞ்சுது. எழுதத் தெரியுங்க, பேரு எழுதுவேன். தெரியாம இல்ல. மொதல்ல மத்த கட்டத்த எல்லாம் முடிச்சிருவோமே. ஐயாவுக்கு அதுவும் வேலதான.

மம்பட்டி. மம்பட்டி நூத்திச் சொச்சம் இருக்குது, அலவாங்குக் கம்பி ஏழோ எட்டோ. கயித்துக்குச் சொன்னதுதான் அதுக்கும். பூட்டுக்குள்ள. மலை எறங்கின அன்னிக்கு மண்ணு எதால வாரினோம்னு நெனைக்கிறீங்க? கையால. சோத்துத் தட்டால. பொம்பளைங்க கொழுந்துக் கூடையால. அப்புறம் பூட்ட ஒடைக்கலாம்னு நாலு பேரு போனாங்க, போனவங்க பூட்டு முன்னால நின்னு ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களாம், யாரு மொதல்ல கல்லத் தூக்குறதுன்னு. தொர வீட்டுச் சாமான் ஐயா அது. பூட்ட ஒடைச்சவன்னு நாளைக்கு ஒரு பேரு வந்துருமே. உள்ள ஆளு மண்ணுக்கடியில கெடக்குது, இவனுங்க பூட்டுக்கு மரியாத குடுத்துக்கிட்டு நிக்கிறானுங்க. இத எழுதாதீங்க. இத எழுதினா அந்த நாலு பேரு யாருன்னு கேப்பாங்க.

டெலிபோன் இருக்குது. தொர பங்களாவுல ஒண்ணு, ஆபீசுல ஒண்ணு. தொர கண்டிக்குப் போயிருந்தாரு. பங்களா சமையக்கார அப்பு டெலிபோன எடுத்தாரு, எடுத்தா அதுல சத்தமே வரல்ல, கம்பிதான் றத்தோட்ட ரோட்டுல மரத்தோட கெடக்குதே. நல்ல மழை அடிச்சா அந்தக் கம்பி எப்பவும் விழும். மழை பெய்யாத நாளையில நல்லா பேசலாம்னு எழுதிக்கிங்க. சிரிக்காதீங்க ஐயா, நெசமாத்தான் சொல்றேன்.

வந்தது யாருன்னா நாட்டாளுங்க, கீழச் சிங்களக் கிராமத்து ஆளுங்க. கீழ வயல்ல நின்னுக்கிட்டிருந்தவங்க மலை உரிஞ்சி எறங்குறத கண்ணால பார்த்தாங்க. அவங்ககிட்ட மம்பட்டி இருந்துச்சு, அவங்க மம்பட்டிக்குப் பூட்டு இல்ல. ஓடி வந்தாங்க. முந்தின மாசம் மாடு மேய்க்கிற தகராறுல எங்க ஆளுங்களோட அடிச்சுக்கிட்ட அதே ஆளுங்க. அப்படியே சேத்துல எறங்கிட்டாங்க. அப்புறம் றத்தோட்டையிலேர்ந்து புஹாரி நானா லொறிய கொண்டாந்தாரு, கராம்பு மூட்டைய எறக்கிப் போட்டுட்டு. ஐயாவுக்குத் தெரிஞ்சவரா? நல்ல மனுசன். மூட்டைங்க மழையில நனைஞ்சு வீணாப் போச்சு, ஒரு வார்த்த கேக்கல்ல. ஆறு பேர அவரு லொறியிலதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. தூக்கு கட்டிலா? அது தோட்டத்துல கெடையாது. லயத்து வீட்டுக் கதவுகள கழட்டி அதுல வச்சுத் தூக்கினோம். நாலு கதவு திரும்பி வரல்ல. அந்த நாலு காம்பராவுக்கும் இன்னமும் சாக்குதான் தொங்குது.

பாருங்க, லயம் அந்தா தெரியுது. ஆமாங்க, அதே லயந்தான். இல்லீங்க, புதுசா கட்டல்ல. அது இருந்தபடியேதான் இருக்குது. ஒரு தகரம் பறக்கல்ல. ஆமா. ஒரு காம்பராவுக்கும் ஒண்ணும் ஆகல்ல. மலை வேற பக்கமால்ல எறங்குச்சு. அத விடுங்க, அடுத்த கட்டம் என்ன?

மழை பார்க்குற ஆளு. அதுவும் நாந்தான். தொரதான் அந்த ஏற்பாட்ட பண்ணினாரு, அதுக்கு முந்தின வருசம். எங்கயோ பெரிய மழையில லயமே பொதைஞ்சு போச்சுன்னு பேப்பர்ல பார்த்துட்டு எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. நல்ல தொர, கொற சொல்லக் கூடாது. மேமலைத் தண்ணிக் கான் ஓரத்துல ஒரு ஆளு போய் தெனமும் பார்க்கணும், மண்ணு வெடிச்சிருக்கா, மரம் சாஞ்சிருக்கா, தண்ணி ஓடுதான்னு. ஏதாச்சும்னா தப்ப அடிக்கணும். அந்தச் சத்தம் கேட்டா ஆளுங்க எல்லாம் வீட்ட விட்டு மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஓடிறணும். அது பாறை மேல இருக்குது, அசையாது. எவ்வளவு அழகா யோசிச்சிருக்காரு பாருங்க. சிக்கி நின்ன எடம் ஒண்ணே ஒண்ணுதான். என்ன அடி அடிக்கிறது? பெரட்டு அடிய அடிச்சா வேலைக்குன்னு நெனச்சுக்குவாங்க, அதனால புதுசா ஒரு அடி வேணும்னாரு. பென்சிலால மேசையில தட்டிக் காட்டினாரு. ரெண்டு தட்டு, ஒரு நிப்பாட்டு, ரெண்டு தட்டு, ஒரு நிப்பாட்டு. செரியா ராமசாமின்னாரு. நான் செரி தொரன்னேன்.

அது எங்க சாவு அடிங்க ஐயா. லயத்துல ஒரு சாவு விழுந்தா நான் அடிக்கிறது அதேதான், என்ன, இது கொஞ்சம் வேகம். தொரைக்கு எப்படித் தெரியும், அவரு பாட்டுக்குத் தட்டினாரு. நான் சொல்லியிருக்கணும். தொர, இது சாவு அடி, வேற குடுங்கன்னு ஒரே ஒரு வார்த்த. கணக்கப்புள்ள பக்கத்துல நிக்கிறாரு, மலை வேல பார்க்குற கண்டக்டர் ஐயா நிக்கிறாரு, கிளாக்கர் ஐயா எழுதிக்கிட்டிருக்காரு. அவ்வளவு பேரு மத்தியில தொர போட்ட தாளம் சரியில்லன்னு தப்புக்காரன் சொல்றதா? எங்கப்பனுக்கும் இந்த வேலதான், அவரும் தொர சொன்னா செரின்னுதான் சொல்லியிருப்பாரு. ஒரு தடவ பழக்கிப் பார்த்திருந்தா கூட வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பழக்கல்ல. அதுக்கு அரை நாள் வேல கெட்டுப்போகும்னு கிளாக்கர் ஐயா சொன்னாரு, தொர செரின்னுட்டாரு. அப்ப பாருங்க, தொரையும் என்ன மாதிரித்தான்.

அன்னிக்கா? அதான் ரிப்போர்ட்டுல எல்லாம் இருக்குதே. என் வாயால கேக்கணுமா? செரி.

மார்கழி மாசம், ஞாயித்துக்கிழம, மூணு மணி இருக்கும். ஆறு நாளா மழை விடல்ல. நான் சாப்புட்டுட்டு, கம்பளிய போட்டுக்கிட்டு கானப் பார்க்கப் போனேன். அதுல ஆறு நாளா செம்மண்ணு தண்ணி இரைஞ்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்குப் போய்ப் பார்த்தா சத்தமில்ல. மழை கொட்டுது, கான்ல தண்ணியக் காணோம். கெண்டைக்கால் அளவுக்கு ஓடின தண்ணி எங்க போச்சு? மண்ணுக்குள்ளல்ல போயிருக்கு. மேல பார்த்தா சவுக்கு மரம் ரெண்டு முந்தின நாள் மாதிரி நிக்கல்ல. ஓடி வந்து தப்ப எடுத்தேன், அத நெருப்புல காட்ட நேரமேது, தோலு மழையில தொய்ஞ்சு போய்க் கெடக்குது. அடுப்புச் சூட்டுல ஒரு நிமிசம் பிடிச்சுட்டு அடிச்சேன். தொர சொன்ன அடிதான். ரெண்டு, நிப்பாட்டு, ரெண்டு, நிப்பாட்டு.

ஒரு குருவி வெளிய வரல்ல ஐயா. கடைசி லயத்துல ஒரு கெழவன் பத்து நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. எல்லாரும் என்ன நெனச்சாங்க தெரியுமா, கெழவன் போயிட்டாருன்னு. இந்த மழையில எங்க போய் ஒப்பாரி வைக்கிறது, விட்டதும் போவோம்னு உள்ளயே உக்காந்துட்டாங்க. பக்கத்துக் காம்பரா நல்லம்மா சன்னல் வழியா தலைய நீட்டி, எப்ப போனாருண்ணே, பின்னேரமே எடுக்கிறாங்களான்னு கேக்குது. நான் மலை, மலைன்னு கத்துறேன், அதுக்கு மழை மழைன்னு கேட்டுச்சோ என்னவோ, ஆமாண்ணே விடாது போலன்னு சொல்லிட்டு சன்னல சாத்திருச்சு. இப்ப சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருது. அன்னிக்கு அழுகையா வந்துச்சு.

அப்புறம்... அப்புறம் பெரட்டு அடி அடிச்சுது. ஆளுங்க வந்தாங்க. அஞ்சு நிமிசத்துல எரநூறு பேரு வெளிய. அதான் எழுதியிருக்குதே. ஞாயித்துக்கிழம என்னா பெரட்டுன்னு திட்டிக்கிட்டே, இடுப்புல சாக்குப் படங்க கட்டிக்கிட்டு, கூடையும் கம்பளியுமா களத்துல வந்து வரிசை கட்டிட்டாங்க. அந்தக் களம் மேமலைக்கு நேர் கீழ இருக்குது, மலைய வெட்டித்தான் சமமாக்கினது. மலை அங்கதான் எறங்குச்சு. பதினோரு பேரு. கணக்கப்புள்ளையோட சேர்த்துத்தான் பதினொண்ணு.

ஆமா, பொன்னையா கணக்கப்புள்ள. அவருதான் பெரட்டு கூப்பிட்டாருன்னு இருக்குதுல்ல? ஆறு நாள் கொழுந்து எடுக்காம நின்னுபோச்சுன்னு ஆசப்பட்டு ஞாயித்துக்கிழம பெரட்டு வச்சாருன்னு. கணக்கப்புள்ள சொல்லாம தோட்டத்துல பெரட்டுத் தப்பு அடிக்கிறது கெடையாதுங்கிறது சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதனால யாருக்கும் அதுல சந்தேகமில்ல. களத்துல அவரு கத்தினத கேட்டவங்க இருக்காங்க. ஓடுங்க, கோயிலுக்கு ஓடுங்கன்னு பின்னால நின்ன ரெண்டு வரிசையத் தள்ளித் தள்ளி மேட்டுக்கு ஏத்திவிட்டாரு. மொத வரிசைக்குத் திரும்பினாரு. அதோட சரி. அதுக்கும் லயத்துல ஒரு பேச்சு இருக்குது: கூப்பிட்டு நிப்பாட்டிட்டு அப்புறம் ஓடுன்னானாம், அப்படின்னு. செத்தவரு வந்து பதில் சொல்லப் போறதில்லியே.

அவரு சம்சாரம் ராசம்மா இருக்குது. கணக்கப்புள்ள வீட்ட இந்த மாசம் முடியிறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. லயத்துல ஒரு காம்பரா கேட்டுச்சு, எங்க ஆளுங்க குடுக்க விடல்ல. பீலியில தண்ணி புடிக்க வந்தா, அது குடத்த எடுத்துட்டுப் போற வரைக்கும் மத்தவங்க ஒதுங்கி நிக்கிறாங்க, ஒருத்தரும் பேச மாட்டாங்க. ஒன்பது மாசம் ஆகுது. அந்தப் பொம்பள ஒரு தடவ என்கிட்ட வந்து நின்னுச்சு. அண்ணே, அன்னைக்கு அவரு சோத்துல கை வச்சிருந்தாரு, உங்க தப்புச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சு ஓடினாரு, எனக்கு நல்லா நெனவிருக்குதுன்னு சொல்லுச்சு. அதோட திரும்பிப் போயிருச்சு. நான் தப்ப எடுத்து நெருப்புல காட்டப் போயிட்டேன்.

இல்லீங்க, சளி. இந்த மழைக்கு எல்லாருக்கும் சளிதான்.

நல்லம்மான்னு சொன்னேனே, சன்னல சாத்தின பொம்பள, அதோட மக போயிட்டா. பதினேழு வயசு. மொத வரிசையில நின்னவ. எனக்கு வீட்டுக்காரி இல்ல, செத்து நாலு வருசமாச்சு, அதனால நல்லம்மாதான் தெனம் எனக்கு ஒரு ரொட்டியும் சம்பலும் கொண்டாந்து வைக்கும். வச்சிட்டு, அண்ணே நீங்க எவ்வளவு அடிச்சீங்க, நாங்கதான் கேக்கல்ல, அந்தப் பாவி பொன்னையா மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும்னு சொல்லும். தெனம் சொல்லும். ஒரே சொவருங்க ஐயா, மேல தகரம் வரைக்கும் கூட முட்டாத சொவரு. அது அழுறதும் கேக்கும், மூக்குச் சிந்துறதும் கேக்கும். நான் இருமினா அந்தப் பக்கமிருந்து தண்ணி வேணுமான்னு கேக்குது. அந்த ரொட்டிய நான் திங்கிறேன். திங்காம வச்சா ஏன் திங்கல்லன்னு கேக்குமே.

வேற தோட்டத்துக்கா? எங்கங்க போறது. பேரு வெட்டினா காம்பராவும் போச்சு. ரெண்டு நாட்டுக்காரங்களும் போட்ட அந்த ஒப்பந்தத்துல என்ன இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க, எந்தக் கப்பல், எந்த மாசம்னு இன்னும் கடுதாசி வரல்ல. அங்க எனக்கு யாரு இருக்கா? வர்ற வரைக்கும் வேற எடத்துல எடுக்கவும் மாட்டாங்க. அதனால காலையில எந்திரிச்சு அதே களத்துல நின்னு அதே தப்ப அடிக்கிறேன். மண்ண வாரிட்டு அங்கேயேதான பெரட்டு வைக்கிறாங்க. நான் அடிக்கிறேன், அவங்க வர்றாங்க. மொத வரிசையில எடம் காலியாத்தான் இருக்கும், யாரும் நிக்கிறதில்ல. அந்தக் காலி எடத்தப் பார்த்துக்கிட்டு அடிக்கிறேன்.

செரி, படிங்க. கடைசிப் பக்கந்தான. கேட்டுக்கிறேன்.

இன்னொரு தடவ படிங்க ஐயா.

கூடுற எடம், பெரட்டுக்களமா? யாரு எழுதினது? கிளாக்கர் ஐயாவா? கோயில் மேடுன்னுதான தொர சொன்னாரு. ஓஹோ. கோயில் மேட்டுக்குப் போறதுக்குப் பழக்கமில்ல, களத்துக்கு வர்றதுக்குப் பழக்கம் இருக்கு, அஞ்சு நிமிசத்துல எரநூறு பேரு வந்துட்டாங்க, அப்ப அதான் நல்லதுன்னா? அடியும் பெரட்டு அடியேதானா? சோதிச்சுப் பார்த்து வெற்றின்னு எழுதியிருக்குதா? வெற்றின்னா எழுதியிருக்கு? அன்னிக்குச் செத்ததுக்குக் காரணம் கணக்கப்புள்ள மலை இருக்குற நெலமை தெரியாம பெரட்டுக்குன்னு நிப்பாட்டி வச்சதுதான், அதனால இனி கணக்கப்புள்ளைக்கு அந்த அதிகாரம் இல்ல, தப்புக்காரரே நேரா அடிக்கலாம்னு. தப்புக்காரரே.

நல்ல பேனாவா இருக்குது ஐயாவோடது. வச்சிருங்க, நான் இன்னும் எடுக்கல்ல.

ஐப்பசி பொறக்க இன்னும் பத்து நாள். இந்தா, இப்பவே தொடங்கிருச்சு பாருங்க. அந்தக் கான இன்னும் வெட்டல்ல, நான் நேத்தும் போய்ப் பார்த்தேன். திரும்ப ஒரு நாளு தண்ணி ஓடுறது நிக்கும். நான் ஓடி வருவேன், பெரட்டு அடிப்பேன், எல்லாரும் கூடையத் தூக்கிட்டு அந்த மலைக்குக் கீழ போய் வரிசையா நிப்பாங்க. கச்சேரி சீலோட. அடியில என் கையெழுத்தோட.

இந்தப் பக்கத்த மாத்தணும் ஐயா. நீங்களா மாத்த முடியாதா? காரணம் கேப்பாங்களா. வெற்றின்னு எழுதினத ஏன் மாத்துறீங்கன்னு கேப்பாங்க. ஆமா, கேப்பாங்கதான். செரிதான்.

காரணம் சொல்றேன், எழுதிக்கிங்க. கணக்கப்புள்ள பெரட்டு கூப்பிடல்ல.

நாந்தான் அடிச்சேன். யாரும் சொல்லல்ல. தொர குடுத்த அடிக்கு ஒருத்தரும் வரல்ல, என்ன பண்றதுன்னு தெரியல்ல, எந்த அடிக்கு வருவாங்கன்னு மட்டும் தெரியும். வெளிய வந்தா போதும்னு நெனச்சேன். லயத்து மேலதான் மலை விழப்போகுதுன்னு நெனச்சேன் ஐயா, சத்தியமா. லயத்துல ஒரு தகரம் அசையல்ல. நான் அடிக்காம இருந்திருந்தா எல்லாரும் உள்ளயே உக்காந்து கெழவனுக்காக மழை விடட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க. வந்தவங்கள கோயிலுக்குப் போங்கன்னு கத்தினேன், தப்புக்காரன் சொல்லிப் பெரட்டு கலைஞ்சதா எங்கயாச்சும் உண்டா? பேரு கூப்பிடட்டும்னு நின்னாங்க. கணக்கப்புள்ள எச்சில் கையோட ஓடி வந்தாரு. வந்து, யாரு ராமசாமி உன்ன அடிக்கச் சொன்னதுன்னு என்னத்தான் கேட்டாரு. நான் மேல கைய காட்டினேன். மலையப் பார்த்தாரு, வேற ஒண்ணும் கேக்கல்ல, அவங்கள மேட்டுக்குத் தள்ள ஆரம்பிச்சிட்டாரு. அவரு சொன்னா கேக்குறாங்கல்ல.

விசாரணையில இத கேட்டாங்கதான். பங்களாவுல வச்சு. பெரட்டு அடிக்கச் சொன்னது யாருன்னு. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள கிளாக்கர் ஐயா, கணக்கப்புள்ளதான ராமசாமின்னாரு. அவரு வேணும்னு சொல்லல்ல, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுத்தான் சொன்னாரு. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் பண்ணினேன். ஒரு வார்த்த பொய் பேசல்ல.

எழுதுறீங்கல்ல? நிப்பாட்டாதீங்க. ராசம்மாவுக்கும் ஒரு காயிதம் வேணும், அதையும் எழுதுங்க. இத லயத்துல எப்ப தெரியப்படுத்துவீங்க? நல்லம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். இல்ல, நான் சொல்லமாட்டேன், நீங்களே ஆள விட்டுச் சொல்லுங்க.

அந்தா, குடை தெரியுது. கிளாக்கர் ஐயாதான், எறங்கிட்டாரு. சீக்கிரம் எழுதுங்க ஐயா, அந்தப் பேனாவ குடுங்க, அவரு படியேறுறதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுறணும். அவரு வந்து, என்ன ராமசாமி, கணக்கப்புள்ளதானன்னு ஒரு தடவ கேட்டாருன்னா, நான் திரும்பவும் தலையாட்டிருவேன்.